ஆண்களுக்கு நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 58 வயது. முன்பு பால் மரம் வெட்டியவர், பிறகு செம்பனையில் பழம் அறுத்தவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் இரவுக் காவல் பார்க்கிறார். இனிப்புநீருக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இந்த ஆண்டிலேயே பல முறை சிறுநீர் எரிச்சல் வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் யாரோ கொடுத்த மாத்திரையை மூன்று நாள் விழுங்கிப் பார்லித் தண்ணீர் குடிக்கிறார், குணமாகிறது, சில வாரங்களில் திரும்பி வருகிறது. "இது பெண்களுக்கு வருகிற நோய் என்றுதானே சொல்வார்கள், ஆணுக்கு ஏன் வருகிறது? வெறும் உடல் சூடுதானா?" என்பது கேள்வி.

தோட்ட மருந்தகத்தில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து, பிறகு நகரத்துக் கிளினிக்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியை அப்பாக்கள் ஒருபோதும் நேராகக் கேட்பதில்லை. மகனோ மருமகளோதான் கேட்கிறார்கள். அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். இளம் பெண்ணுக்கு ஒருமுறை சிறுநீர்த் தொற்று வந்தால், பெரும்பாலும் அதற்குப் பின்னால் வேறு நோய் ஏதும் இருக்காது. ஆணுக்கு அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆணுக்குத் தொற்று வந்தால், அதுவும் 50 வயதுக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால், உள்ளே எங்கோ சிறுநீர் தடைபடுகிறது, தேங்குகிறது, அல்லது கிருமிக்குச் சாதகமாக உடலில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தேட வேண்டும். எரிச்சலை அடக்கிவிட்டு அந்தக் காரணத்தைத் தேடாமல் விடுவதுதான் உங்கள் அப்பாவுக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

மேலே போவதற்கு முன் அவசரமான ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எரிச்சலோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் வந்தால், விலாவுக்குப் பின்னால் ஒரு பக்கம் குத்தி வலித்தால், வாந்தி எடுத்தால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். முட்டிக்கொண்டு நின்றும் சிறுநீர் வரவே இல்லை, அடிவயிறு கல்லுப்போல் புடைத்திருக்கிறது என்றாலும், விதைப்பை திடீரென்று வீங்கி வலித்தாலும், இனிப்புநீர் உள்ளவருக்கு விதைப்பையைச் சுற்றித் தோல் சிவந்து, கறுத்து, வலி வேகமாகப் பரவினாலும் காத்திருக்கக் கூடாது. வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால், ஆளை அடையாளம் தெரியாமல் விழித்தால், அதுவும் அப்படித்தான். விடியட்டும் பார்ப்போம் என்று இருக்காமல் அந்த இரவே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குக் கொண்டு போங்கள். கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டால் சில மணி நேரங்களிலேயே இரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

இனி, ஆணுக்கு ஏன் குறைவாக வருகிறது, பிறகு ஏன் வருகிறது என்பதைப் பார்ப்போம். இந்தத் தொற்றை உண்டாக்கும் கிருமிகளில் முதலிடம் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்கு. அது நம் குடலிலேயே வாழ்வது. ஆசனவாய்ப் பகுதியிலிருந்து சிறுநீர்த் துவாரத்துக்கு நகர்ந்து, அங்கிருந்து மேலே ஏறுகிறது. பெண்ணின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 செ.மீ. நீளம்தான், துவாரமும் ஆசனவாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆணுக்கு அந்தக் குழாய் ஏறக்குறைய 20 செ.மீ. நீளம். கிருமி ஏறி முடிப்பதற்குள் அடுத்த தடவை சிறுநீர் வந்து அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். புரோஸ்டேட் சுரப்பியின் நீருக்கும் கிருமியை அடக்கும் தன்மை உண்டு. ஆகையால் திடமான இளைஞனுக்கு இந்தத் தொற்று அபூர்வம். இந்தப் பாதுகாப்பு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. சிறுநீர் தடையில்லாமல் வேகமாக வர வேண்டும், பை முழுவதும் காலியாக வேண்டும். இந்த நிபந்தனை எங்கே உடைகிறதோ அங்கே தொற்று தொடங்குகிறது.

அதை முதலில் உடைப்பது புரோஸ்டேட். சிறுநீர்ப்பையின் வாயிலில், குழாயைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் இருக்கிற சுரப்பி அது. இளமையில் சுமார் 20 கிராம் எடை. நடு வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. 60 வயதை எட்டும்போது ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு அந்தப் பெருக்கம் இருக்கும். இது புற்றுநோய் அன்று. ஆனால் குழாயை நெருக்குகிறது. பை எவ்வளவு முக்கினாலும் கடைசிக் கொஞ்சம் வெளியேறாமல் உள்ளேயே நின்றுவிடுகிறது. லயத்துக்குப் பின்னால் ஓடாமல் நிற்கும் கால்வாய்த் தண்ணீரில்தானே கொசு முட்டையிடுகிறது. பைக்குள் மிஞ்சி நிற்கும் சிறுநீரும் அப்படித்தான். சாதகமான சூழலில் ஈ.கோலை ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகக்கூடியது. ஒரு இரவு முழுவதும் மிச்சம் நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் அப்பாவிடம் எரிச்சலைப் பற்றிக் கேட்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். நின்றவுடன் வருகிறதா, சிறிது நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறதா? வேகம் முன்போல இருக்கிறதா? விட்டு விட்டு வருகிறதா? முடிந்தது என்று உடுத்திக்கொண்ட பிறகு சொட்டுகிறதா? இரவில் எத்தனை தடவை எழுந்திருக்கிறார்? இரவுக் காவல் பார்ப்பவர் என்றால் பகல் தூக்கத்தில் எத்தனை தடவை என்று கேளுங்கள். காத்திருக்க வேண்டியிருக்கிறது, வேகம் குறைந்துவிட்டது, சொட்டுகிறது, அடிக்கடி எழுந்திருக்கிறேன் என்று பதில் வந்தால், எரிச்சல் வருவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே பிரச்சினை தொடங்கிவிட்டது என்று பொருள். பெரும்பாலான ஆண்கள் இதை வயதாகிவிட்டதற்கான அடையாளமாக எண்ணிப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். கள்ளுக்கடையில் உட்கார்ந்து உலகத்தையே பேசுகிறவர் இதை மட்டும் மனைவியிடம்கூடச் சொல்வதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஒருமுறை ஒரு பெரியவரை நள்ளிரவில் காரின் பின்சீட்டில் சாய்த்துக் கொண்டுவந்தார்கள். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. முகமெல்லாம் வியர்வை, அடிவயிறு தொப்புள்வரை மேடிட்டு நிற்கிறது, தொட்டாலே துடிக்கிறார். காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. சளிக்கு என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, மூக்கடைப்புக்குக் கடையில் வாங்கிய மாத்திரையும் இருமல் மருந்தும் இரண்டு நாளாக எடுக்கிறேன் என்றார். மூக்கடைப்பைத் திறக்கும் சூடோஎஃபிட்ரின், சளிக்குக் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின் போன்ற மருந்துகள், புரோஸ்டேட் பெருத்தவருக்குச் சிறுநீரை முற்றாக அடைத்துவிடக்கூடியவை. குழாய் போட்டதும் பை நிரம்ப ஓடி வந்தது, அவர் கண்ணில் நீர் வழிந்தது. ஆகவே வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், சளி மருந்து வாங்கும்போது மருந்தாளரிடம் அதைச் சொல்லி வாங்க வேண்டும்.

அடுத்தது இனிப்புநீர். நம் சமூகத்தைப் பொறுத்தவரை இதைப் புரோஸ்டேட்டுக்குச் சமமாகவே வைப்பேன். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குச் சிறுநீரிலும் சர்க்கரை இறங்குகிறது, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களின் வேகமும் குறைகிறது. மூன்றாவது கெடுதல் ஒன்று இருக்கிறது, அதைப் பலர் அறிவதில்லை. பல ஆண்டு இனிப்புநீர் கால் நரம்பை மரத்துப்போகச் செய்வதுபோலவே, சிறுநீர்ப்பையின் நரம்பையும் மந்தமாக்குகிறது. பை நிறைந்தது தெரிவதில்லை, முழுவதும் சுருங்கிக் காலியாவதும் இல்லை. புரோஸ்டேட் நெருக்காமலேயே சிறுநீர் தேங்கிவிடுகிறது. 58 வயது, இனிப்புநீர், மீண்டும் மீண்டும் எரிச்சல் என்று நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் என் மனம் இந்த இரண்டையும்தான் நினைத்தது. இரண்டும் சேர்ந்தே இருக்கவும் கூடும்.

இனிப்புநீருக்கு இப்போது சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றும் மாத்திரைகளும் கொடுக்கிறார்கள். டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் என்று உறையில் இருக்கும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கிற மருந்துகள். ஆனால் சிலருக்கு ஆண்குறியின் நுனியிலும் முன்தோலின் அடியிலும் பூஞ்சைத் தொற்று வருகிறது. அரிப்பு, சிவப்பு, வெள்ளைப் படலம், தோல் பின்னால் இழுபடாமல் இறுகுவது ஆகியவை அதன் அடையாளங்கள். சிறுநீர் படும்போது எரிவதால் உள்ளே தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பூஞ்சை மேலும் கொழுக்கும். மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம். கொடுத்த மருத்துவரிடமே காட்டுங்கள்.

சிறுநீரகக் கல்லும், பைக்குள் இருக்கும் கல்லும் கிருமிக்கு மறைவிடம். எந்த மருந்து கொடுத்தாலும் கல்லுக்குள் பதுங்கிய கிருமி பிழைத்துக்கொண்டு திரும்ப வரும். விலாவிலிருந்து தொடைச் சந்துக்கு இறங்கி உருட்டி உருட்டி வரும் வலி, சிறுநீரில் இரத்தம், இவை கல்லை நினைக்க வைப்பவை. வெயிலில் நாள் முழுவதும் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடிப்பவர்களுக்குக் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். பழம் அறுப்பவர்கள் காலையில் ஒரு கோப்பியோடு காட்டுக்குள் போய், மதியம் வரை ஒரே போத்தல் தண்ணீரில் ஓட்டிவிடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குறைந்து சிறுநீர் தேயிலைச் சாயமாக இறங்கும்போது தொற்று இல்லாமலேயே எரியும். அப்படிப்பட்ட எரிச்சல் நான்கைந்து குவளை தண்ணீரில் அன்றே போய்விடும். போகவில்லை என்றால் அது வேறு.

சிறுநீர்க்குழாய் ஒடுங்கிப்போவதும் ஒரு காரணம். பழைய அடி, முன்பு போட்ட குழாய், இளமையில் வந்து சரியாக ஆறாத பாலியல் தொற்று, இவற்றின் தழும்பு குழாயைச் சுருக்குகிறது. வண்டியிலிருந்தோ மரக்கட்டை மேலோ கால் அகட்டி விழுந்த அடி பல ஆண்டுகளுக்குப் பிறகு இப்படித் தலைகாட்டும். சிறுநீர் நூலாக வருவதும், இரண்டாகப் பிரிந்து சிதறுவதும் இதன் அடையாளம். முன்தோல் இறுகியிருப்பது, சமீபத்தில் குழாய் போட்டுக்கொண்டது, நாள்பட்ட மலச்சிக்கல் ஆகியவையும் துணைக் காரணங்கள். நிரந்தரமாகக் குழாய் போட்டிருப்பவரின் சிறுநீரில் எப்போதும் கிருமி தென்படும். காய்ச்சலோ வலியோ இல்லாமல் சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அவருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக்கொண்டே இருக்கக் கூடாது.

இளைஞர்களுக்கு எரிச்சல் வந்தால் வழி வேறு. துவாரத்தில் சீழ் அல்லது வழுவழுப்பு வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கொனோரியா, கிளமிடியா போன்ற பாலியல் தொற்றுகள் அச்சு அசலாக இதே எரிச்சலைத் தரும். மருந்து வேறு, துணைக்கும் சேர்த்தே சிகிச்சை செய்ய வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் துணையாக இருக்கும் பெண்ணின் கர்ப்பப்பைக் குழாய்கள் பாழாகும். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. கெட்டமின் என்ற போதைப்பொருளைப் பயன்படுத்தும் இளைஞர்களுக்குச் சிறுநீர்ப்பையின் உட்சுவர் புண்ணாகிச் சுருங்கிப்போகிறது. கால் மணிக்கு ஒருமுறை ஓடுவார்கள், அடிவயிறு பிடுங்கும், இரத்தம் வரும், பரிசோதனையில் கிருமி எதுவும் வளராது. பெற்றோர் தொற்று தொற்று என்று அலைவார்கள். பையன் உண்மையைச் சொன்னால்தான் மருத்துவருக்கு வழி தெரியும், போதையை நிறுத்தினால்தான் பை பிழைக்கும். இதைக் கேட்டுக் கோபித்துக் கையை ஓங்காமல் கேளுங்கள் என்று பெற்றோர்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

அறிகுறிகளுக்கு வருவோம். தொற்று சிறுநீர்ப்பையோடு நிற்கும்போது, கழிக்கையில் எரியும், அடிக்கடி முட்டும், அவசரமாக முட்டும், போனால் ஒரு கரண்டி அளவுதான் வரும். அடிவயிற்றில் ஒரு கனம். சிறுநீர் கலங்கும், நாற்றம் மாறும், சில வேளை இளஞ்சிவப்பாகும். நாற்றம் மட்டும் இருந்து வேறு எதுவும் இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம். பெத்தாய் என்ற நாற்றமுள்ள கொட்டையைச் சாப்பிட்டாலும் நாறும்.

புரோஸ்டேட்டுக்குள் தொற்று இறங்கினால் படம் மாறுகிறது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி. நாற்காலியில் உட்கார்ந்தால் கூழாங்கல் மேல் உட்கார்ந்ததுபோல் நெளிவார். இடுப்பு, அடி முதுகு, ஆண்குறியின் நுனி என்று வலி இடம் மாறும். மலம் கழிக்கும்போதும் விந்து வெளியேறும்போதும் வலிக்கும். கடும் தொற்றாக இருந்தால் குளிர் காய்ச்சலில் உதறும். இப்படிக் கடுமையாக இல்லாமல் உள்ளுக்குள் நீறு பூத்த நெருப்பாகக் கிடப்பதும் உண்டு. அதுதான் மருந்து சாப்பிட்டால் அடங்கி, நிறுத்தினால் சில வாரங்களில் அதே கிருமியோடு திரும்பும். உங்கள் அப்பாவின் கதையை மருத்துவர் இந்தக் கோணத்திலும் பார்க்க வேண்டும். விதையின் பின்பக்கக் குழாய்க்குத் தொற்று பரவினால் ஒரு பக்க விதைப்பை சிவந்து வீங்கும். இளைஞனுக்குத் திடீரென்று அப்படி வலித்தால் விதை முறுக்கிக்கொண்டிருக்கவும் கூடும். அது சில மணி நேரத்துக்குள் அறுவை செய்ய வேண்டிய அவசரம்.

தோட்டப் பகுதியில் இருப்பதால் வேறு இரண்டு நோய்களையும் சொல்லாமல் விட முடியாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் ஒன்று. செம்பனைக் காட்டில் எலி அதிகம். காலில் கீறலோடு சேற்றுத் தண்ணீரில் இறங்கியவருக்குச் சில நாட்களில் கடும் காய்ச்சல், கெண்டைக்கால் சதையில் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, பிறகு சிறுநீர் கறுத்துக் குறைந்துபோகும். இதை நீர்க்கடுப்புக் காய்ச்சல் என்று நினைத்து இளநீர் கொடுத்துப் படுக்க வைத்தால் சிறுநீரகமும் நுரையீரலும் போய்விடும். இரண்டாவது மெலியோய்டோசிஸ். நம் நாட்டு மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியா தருவது. மழைக்காலத்தில் அதிகம். இனிப்புநீர் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும். ஆண்களுக்குப் புரோஸ்டேட்டில் சீழ்க்கட்டியாகவே அது வெளிப்படக்கூடும். காய்ச்சலும் சிறுநீர் அடைப்பும் வழக்கமான ஆன்டிபயாடிக்கில் அசையாமல் நிற்கும். மண்ணில் வேலை செய்கிறவர், இனிப்புநீர் இருக்கிறது என்ற இரண்டு செய்திகளை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொன்னால், இதையும் நினைத்துப் பார்ப்பார். கேட்டால் சொல்லலாம் என்று இருக்காதீர்கள்.

பரிசோதனையில்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டுச் சிறுநீர் கொடுத்தால் கிருமி வளராது. எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதே தெரியாமல் போய்விடும். ஆகவே மாத்திரைக்கு முன்பு சிறுநீர். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட்தான். பணத்தைக் காரணம் காட்ட முடியாது. முன்தோலைப் பின்னால் தள்ளி நுனியைத் தண்ணீரால் கழுவிக்கொண்டு, முதலில் வருவதைக் கழிவறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் போத்தலில் பிடித்து, கடைசியையும் கழிவறையில் விட வேண்டும். போத்தலின் வாயைக் கை தொடக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இரவு முழுவதும் பையில் நின்ற முதல் சிறுநீராக இருந்தால் நல்லது.

கிளினிக்கில் அதற்குள் ஒரு நீளப் பட்டையைத் தோய்த்து எடுப்பார்கள். சின்னச் சின்னக் கட்டங்கள் ஒட்டிய பட்டை அது. ஒரு நிமிடத்தில் ஒரு கட்டம் இளஞ்சிவப்பானால் கிருமி நைட்ரைட் உண்டாக்கியிருக்கிறது. இரண்டு நிமிடத்தில் இன்னொன்று ஊதாவானால் வெள்ளணு இருக்கிறது. சர்க்கரை, இரத்தம், புரதம் எல்லாம் அதிலேயே தெரியும். இனிப்புநீர் இருப்பதே தெரியாத எத்தனையோ பேருக்கு இந்தப் பட்டைதான் முதன்முதலில் சொல்லியிருக்கிறது. பட்டை சுத்தமாக இருந்தாலும் ஆணுக்குத் தொற்று இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. எல்லாக் கிருமியும் நைட்ரைட் உண்டாக்குவதில்லை. அதனால் ஆணின் சிறுநீரை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை மருத்துவர் ஊகத்தின் பேரில் ஒரு மருந்தைத் தொடங்குவார், முடிவு வந்ததும் வேண்டுமானால் மாற்றுவார். எனவே முடிவைக் கேட்டுத் திரும்பப் போக வேண்டும். எரிச்சல் நின்றதும் போகாமல் விடுகிறவர்களே அதிகம்.

சிறுநீரில் வெள்ளணு இருக்கிறது, கிருமி வளரவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தால் காசநோயையும் நினைக்க வேண்டும். அது சிறுநீரகத்தையும் பிடிக்கும். வலியே இல்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால், குறிப்பாகப் புகைப்பவருக்கு, பையில் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்யும்வரை விடக் கூடாது. இரத்தம் ஒருநாள் வந்து தானாக நின்றுவிட்டது என்பது ஆறுதல் ஆகாது.

பிறகு அல்ட்ராசவுண்ட். சிறுநீர் கழிக்கும் முன்பும் பின்பும் பார்த்து, பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளப்பார்கள். கல், வீக்கம், புரோஸ்டேட்டின் அளவு எல்லாம் தெரியும். இரத்தத்தில் சிறுநீரகச் செயல்பாடும் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் பார்க்க வேண்டும். பிஎஸ்ஏ என்ற புரோஸ்டேட் இரத்தப் பரிசோதனையைத் தொற்று இருக்கும்போது எடுத்தால் எண் வீணாக ஏறிக் காட்டும், வீடே புற்றுநோய் என்று அழும். தொற்று ஆறிச் சுமார் ஆறு வாரம் கழித்து எடுப்பதுதான் சரி.

மருந்து விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. பக்கத்து வீட்டில் மிஞ்சிய மாத்திரை, மனைவிக்குப் போன வருடம் கொடுத்த மாத்திரை, மூன்று நாளில் சுகம் என்று நிறுத்தியது, இதுதான் பல வீடுகளில் நடப்பது. ஆன்டிபயாடிக்குகள் 1952-ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. சட்டத்தை விட்டாலும், காரணம் தெளிவானது. காய்ச்சல் இல்லாத ஆணுக்குப் பொதுவாக 7 நாள் மருந்து தேவை. புரோஸ்டேட் பாதித்திருந்தால் இரண்டிலிருந்து நான்கு வாரம்வரை தேவைப்படும், ஏனென்றால் அந்தச் சுரப்பிக்குள் பல மருந்துகள் நன்றாக ஊடுருவுவதில்லை. பெண்களின் பைத் தொற்றுக்கு நன்றாக வேலை செய்யும் நைட்ரோஃபுரான்டாயின் புரோஸ்டேட்டுக்குள் போதிய அளவு சேர்வதே இல்லை. மனைவியின் மாத்திரை கணவனுக்கு எரிச்சலை நிறுத்தும், நோயை நிறுத்தாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அரைகுறையாகச் சாப்பிட்டால் பிழைத்த கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக வளர்ந்து, அடுத்த முறை ஊசி மருந்துக்காகவே வார்டில் படுக்க வேண்டி வரும்.

சிப்ரோஃப்ளாக்சசின் புரோஸ்டேட்டுக்குள் நன்றாகப் போகும் மருந்துதான். ஆனால் குதிகால் தசைநாரைப் பாதிக்கக்கூடியது, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரையை மிகவும் கீழே இறக்கிவிடக்கூடியது. உங்கள் அப்பா போன்றவருக்கு இதை மருத்துவர் கணக்குப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கேட்பீர்கள். பார்லித் தண்ணீர், நீர்மோர், சீரகத் தண்ணீர், எல்லாம் குடிக்கலாம். அவற்றின் நன்மை பெரும்பாலும் அவற்றில் உள்ள தண்ணீரின் நன்மைதான். நெருஞ்சில் கஷாயமும் மலாய்க்காரர்கள் குடிக்கும் பூனைமீசை இலைத் தண்ணீரும் சிறுநீரைக் கூட்டும். கிருமி குடியேறிவிட்ட பிறகு அவற்றை நம்பி நாள் கடத்த வேண்டாம். மருந்துக்கடையில் வாங்கும் யூரல் தூள் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. அதில் சோடியம் இருப்பதால் இரத்தக் கொதிப்பு உள்ளவர் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரே ஆபத்து, பொட்டாசியம் ஏறி இதயத்தைப் பாதிக்கும். நட்சத்திரப் பழச் சாறு அதைவிடக் கொடியது. நிற்காத விக்கல், மனக் குழப்பம், வலிப்பு என்று போய் உயிரையே எடுக்கக்கூடும். இனிப்புநீர்க்காரர் பலருக்குச் சிறுநீரகம் கெட்டிருப்பதே தெரியாது என்பதால், இரத்தப் பரிசோதனை முடிவு தெரியும்வரை இவற்றை அப்பாவுக்குக் கொடுக்க வேண்டாம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் அப்படியே, சிறுநீரகத்தை மேலும் வாட்டும். வலிக்குப் பாரசெட்டமால் போதும்.

அப்பா இரவுக் காவலில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வாயில் கூண்டை விட்டு நகர முடியாமல் மணிக்கணக்கில் அடக்கி வைப்பார், அடிக்கடி போக வேண்டுமே என்று தண்ணீரையே குடிக்காமல் இருப்பார். அடக்குவது ஒன்றே தொற்றைக் கொண்டுவரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே சரியாகக் காலியாகாத பைக்கு அது நல்லதில்லை. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போகட்டும். போனால் அவசரப்படாமல், முடிந்த பிறகு சற்று நின்று இன்னொரு தடவை முயலட்டும். உட்கார்ந்தே கழிப்பது புரோஸ்டேட் பெருத்த பலருக்குப் பையை நன்றாகக் காலியாக்க உதவுகிறது. ஆண்பிள்ளை உட்கார்வதா என்று அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

புரோஸ்டேட்தான் காரணம் என்று தெரிந்தால் டாம்சுலோசின், டெராசோசின் போன்ற மாத்திரைகள் வாயிலைத் தளர்த்தும். முதல் சில நாள் எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், அதனால் கட்டிலில் சற்று உட்கார்ந்து பிறகு எழ வேண்டும். கொதிப்பு மாத்திரையும் எடுப்பவர் என்பதை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். சுரப்பியைச் சுருக்கும் ஃபினாஸ்டெரைடு வேலை செய்யப் பல மாதம் ஆகும். மருந்தையும் மீறித் தொற்று வந்துகொண்டே இருந்தால், பையில் கல் சேர்ந்தால், சிறுநீரகம் பாதிக்கத் தொடங்கினால், குழாய் வழியாகவே சுரப்பியைச் சுரண்டி எடுக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. வெளியில் காயம் இருக்காது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்பா கிளினிக்குக்கு வர மறுப்பார் என்பதும் எனக்குத் தெரியும். மருத்துவர் இளம் பெண்ணாக இருப்பார், ஆசனவாய் வழியாக விரலால் புரோஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்று யாரோ சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். ஆண் மருத்துவர் அல்லது மருத்துவ உதவியாளர் வேண்டும் என்று முகப்பில் கேட்கலாம், அது தவறே இல்லை. அந்தப் பரிசோதனை அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் அவர் உள்ளே பேசும்போது வெளியில் நில்லுங்கள்; மகன் முன்னால் அப்பா எல்லாவற்றையும் சொல்ல மாட்டார். அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை உறைகளையும், இந்த ஆண்டு கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் மூன்று நாள், எத்தனை மணிக்குப் போனார், எவ்வளவு வந்தது, எவ்வளவு குடித்தார் என்று ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு பழைய அளவுக் குவளை போதும். இரண்டு முறைக்கு மேல் தொற்று உறுதியானால் ஈப்போ பெரிய மருத்துவமனையின் சிறுநீரியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். கடிதத்தோடு கல்ச்சர் முடிவின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.